நான் கேக்காம ரெஜினாக்கா குடுத்த கேபிள்

வீடியோல ரெஜினாக்கா காதைத் தொடுற இடம் வந்ததும் நிறுத்துனேன். போனை டேபிள் மேல திருப்பி வச்சு, "இங்கதாங்கண்ணா, நல்லா பாருங்க"ன்னேன். சரியா அந்த செகண்டுல இருந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு.

அப்ப அங்க நாலு பேரு. முதலாளி சென்னியப்பண்ணன். போர்டை ரிப்பேருக்குக் குடுத்த நஸீர் பாய். எனக்கு அடுத்த டேபிள் ரெஜினாக்கா. அப்புறம் நான். திங்கக்கிழமை மதியம் மூணு மணி. வீடியோ மொத்தமே நாலு நிமிஷம்தான்.

போன வாரம் நான் குரூப்ல போட்ட ப்ரோப் போட்டோவைப் பாத்துட்டு எப்படி ஓடுதுன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. அதுக்குத்தான் டைப் பண்றேன். நடுவுல நின்னுச்சுன்னா தப்பா எடுத்துக்காதீங்க, கவுண்டர்ல ஆளு வந்துட்டே இருக்காங்க. கடை கம்ப்யூட்டர்ல அடிக்கறேன். என் போனு அண்ணனோட ட்ராயர்ல இருக்கு. ஏன் இருக்குன்னு வரும்.

தெரியாதவங்களுக்கு: எங்க கடை திருப்பூர்ல, எம்ப்ராய்டரி மெஷினுக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பண்றது. ரெண்டு மாசம் முன்னாடி அண்ணன் ஒரு பழைய ஆசிலோஸ்கோப் எடுத்துட்டு வந்தாரு, ஒயர்ல கரண்டு ஏறி இறங்கறதை ஸ்க்ரீன்ல கோடா காட்டற மெஷின். சந்தோஷத்துல நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. முன்னாடி பட்டையா ஒரு சாக்கெட்டு இருக்கு அதுல. லாஜிக் ப்ரோப்னு ஒண்ணை அதுல மாட்டுனா, போர்டுல எட்டு லைனை ஒரே நேரத்துல பாக்கலாம். எந்த லைன் எப்ப ஆன் ஆவுது, எப்ப ஆஃப் ஆவுதுன்னு எட்டு கோடா ஸ்க்ரீன்ல ஓடும். ஆனா ஸ்கோப்போட அந்த ப்ரோப் வரல. இப்ப எங்கயும் கிடைக்கறதும் இல்ல.

"அண்ணா, நானே செய்யறேன்"னேன்.

"செய்யி. ஸ்கோப்பைக் கொன்னுடாத"ன்னாரு.

சின்னதா ஒரு போர்டு, அதுல ஒரு ஐசி சிப்பு, ரிப்பேருக்கு வர்ற போர்டுல இருக்கற ஐசி கால்ல மாட்ட எட்டு கொக்கி. கொக்கி நானே ஊசியை வளைச்சுப் பண்ணது. கொக்கியையும் என் சின்னப் போர்டையும் சேக்க ஒரு பட்டை கேபிள் வேணும். ஒரு ஒயர்ல சிக்னல், பக்கத்து ஒயர்ல எர்த்து, மறுபடி சிக்னல், மறுபடி எர்த்துன்னு விட்டு விட்டு குடுக்கணும். அப்பத்தான் ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுல கேக்காது. இது நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, யாரும் சொல்லித் தரல.

கேபிளைத் தேடிட்டு இருந்தேன். கவனிங்க, தேடிட்டுதான் இருந்தேன். யார்கிட்டயும் வாயைத் திறந்து கேக்கல. ரெஜினாக்கா எந்திரிச்சு, அவங்க ட்ராயரைத் திறந்து, சாம்பல் கலர்ல ஒரு கேபிளை எடுத்து என் டேபிள்ல வச்சாங்க. பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க்குக்குப் போற கேபிள்.

"இதை எடுத்துக்க தம்பி."

அவ்ளோதான். போய் உக்காந்துட்டாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. கேக்காம யாராவது குடுப்பாங்களா?

சொல்ல மறந்துட்டேன். ரெஜினாக்கா எங்க கடைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற கடையில இருந்தாங்க. எங்களுக்கும் அந்தக் கடைக்கும் ஆகாது. ரெஜினாக்கா முடி மாதிரி இருக்கற ஐசி காலைக் கூட கையாலயே ஈயத்தை உருக்கி சால்டர் வைப்பாங்க, லென்ஸ் கூட வேணாம். அப்படி ஒரு கை இருக்கறவங்களை அந்தக் கடை ஏன் விட்டுச்சு? வந்த புதுசுல நான் கேட்டேன்.

"அங்க தலைக்கு மேல கேமரா மாட்டிட்டாங்க தம்பி. சோறு திங்கறப்பக் கூட எவனோ வாயைப் பாக்கற மாதிரியே இருந்துச்சு. அதான் வந்துட்டேன்."

கேமராவுக்கு யாரு பயப்படுவாங்க? அதை அன்னைக்கே மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

ஒரு நிமிஷம். பெல்ட்டு கேட்டு ஆளு வந்திருக்காரு. இங்க பெல்ட்டு கிடையாது.

வந்துட்டேன். புதன்கிழமை சாயங்காலம் ப்ரோப் முடிஞ்சுது. ஒரு பழைய போர்டுல மாட்டி ஆன் பண்ணேன். எட்டு கோடும் ஓடுச்சு. சேரைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். ரெஜினாக்கா திரும்பிப் பாத்து சிரிச்சாங்க. நான் செஞ்சது ஓடுனா அவங்க ஏன் சிரிக்கணும்?

அன்னைக்கு எல்லாரும் கிளம்புனதுக்கு அப்புறம் அந்தச் சாம்பல் கேபிளைக் கழட்டி ட்ராயர்ல போட்டுட்டேன். பரண் மேல இருந்த பழைய கம்ப்யூட்டர்ல, முனைல நீலத் தலை வச்ச ஒரு கேபிள் இருந்துச்சு. ஒயரெல்லாம் இன்னும் மெலிசு, புதுசு மாதிரி பளபளன்னு. அதை மாட்டுனேன். இது சின்ன விஷயம், கதைக்குத் தேவையே இல்ல. முழுசா சொல்லணுமேன்னு சொல்றேன். சும்மாவும் மாட்டல, மல்டிமீட்டர் வச்சு லைன் லைனா பாத்தேன். இந்த முனைல ஒரு கால், அந்த முனைல அதே கால், பீப். அடுத்தது, பீப். எட்டும் பீப். ஒண்ணு கூட விடல.

வியாழக்கிழமை நஸீர் பாய் போர்டு வந்துச்சு. ஒரே நேரத்துல இருபது துணி தைக்கற இருபது தலை மெஷினோட போர்டு. பூவை ஒழுங்கா தைச்சுட்டே போவும், திடீர்னு ஒரு இலையை மட்டும் நாலு இஞ்சு தள்ளிப் போட்டுடும். எப்பப் போடும்னு தெரியாது.

"இந்தப் போர்டு செஞ்ச கம்பெனியே இப்ப இல்லீங்க"ன்னாரு பாய். "இது போச்சுன்னா மெஷினை எடைக்குத்தான் போடணும். பதினோரு பேரு அதை நம்பி நிக்கறாங்க தம்பி, பாத்து."

பெருமையா என் ப்ரோபை மாட்டுனேன். அண்ணனும் பாயும் பக்கத்துல நிக்கறாங்க. எட்டு கோட்டுல நாலு கோடு தரையோட தரையா படுத்துக் கிடக்குது. சீரோ. அசையவே இல்ல.

"நேத்து ஓடுச்சுங்கண்ணா. எட்டும் ஓடுச்சு."

"நடுவுல என்ன மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலைங்கண்ணா."

அது பொய் இல்ல. கேபிள் மாத்தறதெல்லாம் மாத்தறதுல சேராது. ப்ரோப் அதே ப்ரோப்தான. அப்ப நேத்து ஓடுனது இன்னைக்கு ஏன் ஓடல? ஒரே பதில்தான். மெதுவா அண்ணன் காதுல சொன்னேன், "யாரோ கை வைக்கறாங்கண்ணா."

அண்ணன் மெதுவா பேசற ஆளு கிடையாது. கடைக்கே கேக்கற மாதிரி சொன்னாரு. "பாய் போர்டு என் கையில இருக்கறப்ப எவனாச்சும் அதுல வெளாண்டான்னா, யாரா இருந்தாலும் சரி, அன்னைக்கே வெளிய."

நான் ரெஜினாக்காவைத்தான் பாத்துட்டு இருந்தேன். சால்டரிங் அயர்ன் நிக்கவே இல்ல. கை நடுங்கவே இல்ல. தப்பு பண்ணாதவங்களுக்குக் கூட அந்த மாதிரி பேச்சைக் கேட்டா கொஞ்சம் நடுங்கும். எனக்கே நடுங்குச்சு.

அப்புறம் கவனிக்க ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை, ப்ரோபை மாட்டிட்டு அஞ்சு நிமிஷம் டீ குடிக்கப் போயிட்டு வந்து கொக்கியைக் கழட்டறேன், கொக்கி சூடா இருக்குது. யாரோ இப்பத்தான் கையில பிடிச்சிருந்துட்டு விட்ட மாதிரி. சனிக்கிழமை ரெஜினாக்காவே வந்தாங்க.

"மிதுனு, உன் கேபிளைக் கொஞ்சம் காட்டேன்."

"எதுக்குங்க்கா?"

"சும்மாதான். பாத்துட்டுத் தரேன்."

சும்மா யாரும் எதையும் பாக்க மாட்டாங்க. "அப்புறம் காட்டறேங்க்கா"ன்னுட்டு கேபிள் மேல துணியைப் போட்டேன். அவங்க ஒரு நிமிஷம் நின்னாங்க. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. மாட்டிக்குவோம்னு பயம் வந்திருக்கும், அதான் சொல்லாம போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை முழுக்க யோசிச்சேன். திங்கக்கிழமை பொறி வச்சேன். மதியம் நாங்க எல்லாரும் மெஸ்ஸுக்குப் போயிடுவோம், ரெஜினாக்கா மட்டும் கடையிலயே டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிடுவாங்க. ஒரு மணிக்கு பாய் போர்டுல ப்ரோபை மாட்டி, கரண்டை ஆன்லயே விட்டேன். வேணும்னேதான் விட்டேன். ஓடிட்டு இருந்தாத்தான வந்து கை வைப்பாங்க. என் போனை சால்டர் பேஸ்ட் டப்பாவுக்குப் பின்னாடி நிக்க வச்சு ரெகார்டிங் போட்டுட்டுப் போனேன்.

வந்து பாத்தா வீடியோல எல்லாமே இருக்கு. தேவையான நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன். மூணு மணிக்கு பாய் விசாரிக்க வந்தாரு. அவரையும் வச்சுக்கிட்டே அண்ணனுக்குப் போட்டுக் காட்டுனேன். ரெஜினாக்காவையும் கூப்பிட்டேன். ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி பேசற ஆளு நான் இல்ல.

வீடியோல ரெஜினாக்கா சாப்பிட்டுட்டு இருக்காங்க. மூக்கைச் சுளிக்கறாங்க. எந்திரிச்சு என் டேபிளுக்கு வராங்க. குனியறாங்க. போர்டு மேல விரலை வைக்கறாங்க, படக்குன்னு எடுக்கறாங்க, எடுத்த கையாலயே காதைத் தொடுறாங்க.

அங்கதான் நிறுத்துனேன்.

"காதுல என்ன இருக்குன்னு பாருங்கண்ணா. இந்தப் பக்கம் முடி மறைக்குது. ப்ளூடூத்தா இருக்கும். யார்கிட்டயோ கேட்டு கேட்டு பண்றாங்க."

அண்ணன் இன்னும் கிட்ட குனிஞ்சு பாத்தாரு. நான் மறுபடி ஓட விட்டேன். ரெஜினாக்கா சுவத்துல ஸ்விட்சை ஆஃப் பண்றாங்க. என் கொக்கியை ஒவ்வொண்ணா கழட்டறாங்க, எட்டும். அப்புறம் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து போர்டுக்கு மேல இப்படி இப்படின்னு ஆட்டறாங்க.

"இது கேமராவை மறைக்கண்ணா. தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு."

நஸீர் பாய்தான் தொண்டையைச் செருமுனாரு.

"தம்பி, நான் தப்பா சொன்னா மன்னிச்சுக்கங்க. அந்தப் பொண்ணு கையைச் சுட்டுக்கிச்சு. சுட்டா நம்மாளுங்க காதைத்தான் தொடுவாங்க. எங்க வீட்டுல தோசைக்கல்லைத் தொட்டுட்டா எல்லாருக்கும் கை காதுக்குத்தான் போவும்."

"அப்ப அந்த மூடி?"

"விசிறுதுங்க. ஆற வைக்குது."

ரெஜினாக்கா கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டுனாங்க. நுனில கொப்புளம், பட்டாணி அளவுக்கு. "வாடை வந்துச்சுண்ணா"ன்னாங்க, அண்ணனைப் பாத்து. "போய்த் தொட்டா ஐசி கொதிக்குது. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா போயிருக்கும்."

பாய் முகம் வெளுத்துப் போச்சு. "பெரிய ஐசியாம்மா?"

"அதேதாங்க. வேற கிடைக்காதுன்னீங்களே, அது."

அண்ணன் மல்டிமீட்டரை எடுத்து ரெஜினாக்கா கையில குடுத்தாரு. என்கிட்ட குடுக்கல. அவங்க நீலத் தலையைப் புடிச்சு ஒரு கால்ல ஒரு முனையை வச்சாங்க, நாலு கால் தள்ளி இன்னொரு முனையை வச்சாங்க. பீப். வேற கால். பீப். வேற கால். பீப்.

"இந்த நீலத் தலை கேபிள்ல சில காலெல்லாம் உள்ளுக்குள்ளயே எர்த்தோட சேத்துக் கட்டியிருப்பான். கம்ப்யூட்டர்ல அது நல்லதுக்குத்தான். இதுல மாட்டுனா போர்டோட நாலு லைனைத் தரையில போட்டு மிதிச்சுட்டே இருக்கும். ஐசி தூக்கப் பாக்கும், தூக்க முடியாது, சூடாவும்." என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "அதுக்குத்தான் சாம்பலைக் குடுத்தேன். அது எங்க?"

"ட்ராயர்ல இருக்குதுங்க்கா."

"ஏன் மாத்துன?"

என்ன சொல்றது? உள்ளதைச் சொன்னேன். "நான் கேக்கலையே. நீங்களா குடுத்தீங்க."

அண்ணன் ஒரு பெரிய மூச்சு விட்டாரு. "எல்லா காலும் செக் பண்ணியா?"

"பண்ணேன்ணா. ஒவ்வொரு காலும் அதோட முனைக்குப் போய்ச் சேருதான்னு பாத்தேன்."

"வேற எதோடயாவது சேந்திருக்கான்னு பாத்தியா?"

அதை யாராவது பாப்பாங்களா? குரூப்ல இருக்கற பெரியவங்க சொல்லுங்க. ஒயர் போய்ச் சேருதான்னுதான பாப்போம்?

ஒரு நிமிஷம், போன் அடிக்குது. கடை போனு.

நிட்டிங் மெஷின் பாப்பீங்களான்னு கேட்டாங்க. பாக்க மாட்டோம்னுட்டேன். சரி.

நான் என்ன நெனச்சேன்னா, அண்ணன் ரெண்டு திட்டு திட்டுவாரு, அதோட முடிஞ்சுதுன்னு. திட்டவும் செஞ்சாரு. போனைப் புடுங்கி ட்ராயர்ல போட்டாரு, வேலை நேரத்துல போன் அங்கதான்னாரு. "ரெஜினா, அவன் சின்னப் பையன். வெவரம் பத்தல. மனசுல வச்சுக்காத"ன்னாரு. இருபத்தி மூணு வயசு எனக்கு. அதை விடுங்க.

ரெஜினாக்கா டிபன் பாக்ஸைத் துடைச்சு பையில வச்சாங்க. "அவன் எடுத்தான்ணா. சரி. நீங்களும் உக்காந்து நாலு நிமிஷம் பாத்தீங்களே."

அண்ணன் டேபிள் மேல கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து நேரா வச்சாரு.

"நான் சோறு திங்கறதை முழுசா பாத்தீங்க. நடுவுல நிறுத்துடான்னு சொல்லல. நாளைக்கு பாய் வேலையை முடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்கறேன்."

பாத்தீங்களா. வெளிய போகப் போறது கை வச்ச ஆளுன்னு அண்ணன் சொன்னாரு. கடைசில அவங்களேதான் போறேன்னு சொன்னாங்க. நான் சொல்லல.

செவ்வாக்கிழமை அந்தச் சாம்பல் கேபிளை மாட்டுனேன். எட்டு கோடும் ஓடுச்சு. இதை நான் சொல்லியே ஆகணும், என் ப்ரோப் அருமையா வேலை செஞ்சுது. ரெண்டு மணி நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தேன். ஆறாவது லைன்ல அப்பப்ப ஒரு துடிப்பு காணாமப் போவுது. அந்த லைனைப் புடிச்சுட்டே போனா பெரிய ஐசியோட ஒரு கால்ல சால்டர் விட்டிருக்கு, கண்ணுக்கே தெரியாத வெடிப்பு. இலை நாலு இஞ்சு தள்ளிப் போனது இதால. நான் கண்டுபிடிச்சது. நானே.

ஆனா அந்தக் காலு முடி மாதிரி. அதை என்னால வைக்க முடியாது. அண்ணனாலயும் முடியாது.

ரெஜினாக்கா விரல்ல பிளாஸ்டர் சுத்திக்கிட்டு வந்து உக்காந்தாங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஒரு தடவை தொட்டாங்க, எடுத்துட்டாங்க. அவ்ளோதான். நான் பக்கத்துலயே நின்னு அவங்க கையையே பாத்தேன். வேற எதையும் தொடுறாங்களான்னு. தொடல.

சாயங்காலம் பாய் போன் பண்ணாரு. மெஷினு ஓடுது, இலை இலையோட இடத்துல விழுதுன்னாரு. அந்தப் பொண்ணு பேர் என்னன்னு கேட்டாரு. ப்ரோப் பண்ணது நான்தான்னு சொன்னேன். "தெரியும் தம்பி"ன்னாரு.

அவங்க கிளம்பறப்ப வாசல் வரைக்கும் போனேன். எங்க போறீங்கன்னு கேட்டேன்.

"பழைய கடைக்கே."

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவங்க இன்னும் அந்தக் கடை ஆளுதான்னு எட்டு மாசமா நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு. விடுவேனா? "அங்க கேமரா இருக்குன்னு சொல்லித்தானங்க்கா வந்தீங்க. இப்ப மட்டும் பரவால்லயா?"

ரெஜினாக்கா செருப்பை மாட்டிட்டே சொன்னாங்க. "அங்க அதை எல்லாரும் பாக்கற மாதிரி சுவத்துல வச்சிருக்காங்க தம்பி."

இதுக்கு என்ன அர்த்தம்? ரெண்டு நாளா யோசிக்கறேன். உள்ள ஏதோ இருக்கு.

இன்னைக்கு வியாழக்கிழமை. அண்ணன் என்கிட்ட அவ்வளவா பேசறதில்ல. கவுண்டரையும் நீயே பாத்துக்கன்னுட்டாரு. முன்னாடி ரெஜினாக்காதான் சோறு தின்னுக்கிட்டே கவுண்டரையும் பாப்பாங்க. காலையில இருந்து மூணு போர்டு வந்துச்சு, மூணுலயும் மெலிசு காலு. வாங்கி வச்சிருக்கேன். யாரு வைக்கப் போறாங்கன்னு தெரியல. "கேட்டுக்கு அந்தப் பக்கம் குடுத்துப் பாக்கறேன்"னு நாலாவது ஆளு வாசலோட திரும்பிப் போயிட்டாரு. சந்தேகப்பட்டது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க. எங்க வேலை எல்லாம் இப்ப அங்கதான் போவுது.

மதியம் எல்லாரும் மெஸ்ஸுக்குப் போனாங்க, நான் போகல. அந்தச் சாம்பல் கேபிளைக் கழட்டி, இந்த தடவை அண்ணன் சொன்ன மாதிரியே பாத்தேன். ஒவ்வொரு காலையும் மத்த எல்லாக் காலோடயும். நாப்பது காலு, எழுநூத்தி எண்பது தடவை. ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. ஒரு தடவை கூட பீப் வரல. எதுவும் எதோடயும் சேரல. சுத்தமான கேபிளு. ரெஜினாக்கா கொண்டு வந்த அன்னைக்கே அப்படித்தான் இருந்திருக்கு.

மறுபடி மாட்டிட்டேன், எட்டு கோடும் ஓடிட்டே இருக்கு. அதைப் பாக்கப் பாக்கத்தான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? பக்கத்து டேபிள்ல இருந்து ஒருத்தர் எந்திரிச்சு வந்து, நீங்க கேக்காமயே, உங்களுக்குத் தேவையான சாமானை, அதுவும் சரியான சாமானை, வச்சுட்டுப் போயிருக்காங்களா? எதுக்கு வச்சாங்கன்னு கண்டுபிடிச்சீங்களா?